ஆறு மாத இரவும் அன்றாடக் கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அறிஞர் பலர் பேசி அணிசெய்த இந்த மேடையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடிக்காத எம்மையும் பேசப் பணித்த காரியதரிசி அவர்களுக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம்.

சமயச் சங்கத்திலே தென்துருவத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது மனக்கண்முன் தோன்றுவது பனிமலையும், அங்கே தனித்திருக்கும் முனிவருமே. ஊரைவிட்டு, உறவைவிட்டு, குளிரையும் பசியையும் பொறுத்துத் தனித்திருப்பவர் பெரியவர் என்பது நாம் பாலப் பருவந்தொட்டுக் கேட்டு வந்த செய்தி. இமயத்தின் குளிரினும் கொடிய குளிரிலே, அதனினும் பெரிய தனிமையிலே இன்று மனிதர் ஆண்டுதோறும் தங்கி வருகிறார்கள். அவர்கள் முனிவர் அல்லர். விஞ்ஞானிகள், வைத்தியர், சமையற்காரர், தச்சர், இயந்திரம் பழுதுபார்ப்போர் ஆகிய சாதாரண மனிதரே. அவர்களை அங்கே நிலைநிறுத்துவது எது? தனித்திருக்கும் வல்லமையா? அல்லது வேறொன்றா? இந்த வினாவுக்கு விடை தேடுவதே எமது பேச்சின் நோக்கம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அந்தாட்டிக்காக் கண்டம் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. எங்கள் இலங்கையைப் போல் இருநூறு மடங்குக்கும் அதிகம். அதில் 98 வீதமான பகுதி பனிக்கட்டியால் மூடப்பட்டது. பரம்பரையாக வாழ்ந்த குடிகள் அங்கே இல்லை. ஊர் இல்லை, மரம் இல்லை, வயல் இல்லை. தென்துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது பீதுருதாலகாலை மலையினும் 300 மீற்றர் உயரம். ஆனால் அந்த உயரத்தின் பெரும்பகுதி கல்லுமன்று, மண்ணுமன்று. ஏறத்தாழ 2,700 மீற்றர் தடித்த பனிக்கட்டியே. அந்தப் பனிக்கட்டியும் ஓரிடத்தில் நில்லாது ஆண்டுக்குச் சுமார் 10 மீற்றர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்று புராணம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தென்துருவத்திலே அது கண்கூடான உண்மை. செப்டெம்பர் மாதத்தில் உதிக்கும் சூரியன் மார்ச்சு மாதத்திலேதான் மறையும். பின்னர் ஆறு மாத காலம் சூரியனைக் காண முடியாது. அந்த நீண்ட இரவிலே சராசரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 பாகை சதம அளவை. 1982ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் தேதி பூச்சியத்துக்குக் கீழே 82.8 பாகை வரை சென்றது. அக்கண்டத்தின் இன்னொரு பகுதியிலுள்ள வொஸ்தொக் என்ற உருசிய நிலையத்தில் 1983 யூலை 21இல் பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை பதிவாயிற்று. நிலத்தில் நின்று கருவிகொண்டு அளந்த குளிரில் இதுவே மிகக் கொடியது.

இத்தகைய இடத்துக்கு 1911 டிசெம்பரில் நோர்வே நாட்டு அமுண்ட்சென் முதன்முதல் சென்றார். ஒரு மாதங் கழித்து ஆங்கிலேயரான ஸ்கொட் சென்றார். திரும்பும் வழியிலே அவரும் தோழர் நால்வரும் மாண்டனர். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அந்த இடத்தில் மனிதர் கால்வைக்கவில்லை. 1957ஆம் ஆண்டிலேதான் அமெரிக்கர் பதினெண்மர் அங்கே அமைத்த நிலையத்தில் தங்கி முதன்முதலாக அந்த ஆறு மாத இரவைக் கழித்தனர். அன்றுதொட்டு இன்றுவரை ஒரு மாரிகாலமேனும் அந்த நிலையம் ஆளின்றி இருந்ததில்லை. அமுண்ட்சென், ஸ்கொட் ஆகிய இருவர் பெயரையும் அது தாங்கி நிற்கிறது. வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் ஒரே பலகையில் இருப்பது எமக்குப் பெரிதும் பிடித்த செய்தி.

பெப்ருவரி மாத நடுவில் கடைசி விமானம் புறப்பட்டுவிடும். அதன்பின் ஒக்ரோபர் கடைசியிலோ நவம்பரிலோதான் அடுத்த விமானம். இடையில் நாற்பது பேர்வரை அங்கே இருப்பர். கடிதம் இல்லை, புதிய முகம் இல்லை. செய்மதி வழியாக நாளிற் சில மணி நேரம் வெளியுலகோடு பேச முடியும். ஆனால் போய்வர முடியாது. கடுங்குளிரிலே விமானத்தின் எரிபொருளும் எண்ணெயும் தடித்துவிடும். கடும் நோயுற்றோரை மீட்பதற்காக 2001, 2003, 2016 ஆகிய ஆண்டுகளில் சிறிய விமானங்கள் உயிரைப் பணயம் வைத்துச் சென்றன. அவை விதிவிலக்குகள்.

அங்கே நடக்கும் வேலை என்ன? விண்ணிலிருந்து வரும் நுண்கதிர்களைப் பெரிய தொலைகாட்டியால் ஆராய்கிறார்கள். பனிக்கட்டிக்குள்ளே ஒன்றரைக் கிலோமீற்றர் முதல் இரண்டரைக் கிலோமீற்றர் வரையான ஆழத்தில் 5,160 கண்ணாடிக் கோளங்களைப் புதைத்து, நியூத்திரினோ என்ற கண்ணுக்குப் புலனாகாத் துகள்களின் வருகையைக் கண்காணிக்கிறார்கள். காற்றையும் வானிலையையும் நாள்தோறும் அளக்கிறார்கள். இவை கேட்பதற்கு அற்புதமாக இருக்கும். ஆனால் அங்கே இருப்பவர்களுடைய நாளின் பெரும்பகுதி அற்புதத்தில் கழிவதில்லை. மின்பிறப்பாக்கியைப் பார்ப்பது, கதவடியில் குவிந்த பனியை வாருவது, கருவியின் முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது, சமைப்பது, கழுவுவது ஆகியவற்றிலேயே கழிகிறது.

நன்னீர் பற்றி ஒரு வார்த்தை. உலக நன்னீரின் பெரும்பகுதி அந்தக் கண்டத்திலே பனிக்கட்டியாகக் கிடக்கிறது. ஆயினும் அங்கே ஒரு வாளி நீர் வேண்டுமானால் பனிக்கட்டியை உருக்க வேண்டும். உருக்க எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளோ ஆயிரங் கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து வரவேண்டும். ஆதலால் ஒருவர் வாரத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடமே குளிக்கலாம் என்பது விதி. அங்கே நெருப்பே மிகப்பெரிய பயம். காற்று எலும்புபோல் காய்ந்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை. கட்டடம் எரிந்தால் ஓடித் தஞ்சம்புக அயல்வீடும் இல்லை. ஆகவே சமையற்காரரும் விஞ்ஞானியும் சேர்ந்தே தீயணைக்கும் பயிற்சி பெறுகிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கூட்டுவது, தட்டுக் கழுவுவது, கழிவறை சுத்தஞ் செய்வது ஆகியவற்றை எல்லோரும் முறைவைத்துச் செய்கிறார்கள். பேராசிரியரென்றும் தொழிலாளியென்றும் அதில் வேறுபாடு இல்லை. கழிவறை கழுவுவதற்கென்று அங்கே ஒரு குலம் இல்லை. இன்ன வேலை இன்ன பிறப்பினர்க்கே உரியது என்று பிரித்து வைக்கும் வழக்கம் அந்த இடத்தில் ஒரு மாரிகாலமும் தாங்காது. இதை நாம் குறைகூறும் நோக்கத்தோடு சொல்லவில்லை. கோயில் வீதியைக் கூட்டும் தும்புத்தடியைத் தாம் தொடக்கூடாது என்று எண்ணுவோர் எம்மிடையே இன்னும் இருப்பதால் சொல்கிறோம்.

உடலின் துன்பத்தை உடுப்பாலும் உணவாலும் ஓரளவு தடுக்கலாம். மனத்தின் துன்பமே பெரிது. அந்தாட்டிக் கடலிலே முதன்முதலாக மாரிகாலத்தைக் கழித்தவர்கள் பெல்ஜிக்கா என்ற கப்பலில் சென்றவர்கள். அக்கப்பல் 1898 மார்ச்சு மாதத்தில் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டது. ஓராண்டு காலம் மீளவில்லை. சூரியன் மறைந்தபின் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை, உணவு செல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவே வெறுத்தனர். யூன் மாதத்தில் டங்கோ என்ற இளம் அதிகாரி இறந்தார். மாலுமிகள் சிலருடைய புத்தி பேதலித்தது. தகரத்திலடைத்த உணவையே உண்டமையால் சொறிகரப்பான் என்னும் நோயும் பற்றியது.

அக்கப்பலின் வைத்தியர் பிறெடெறிக் குக் என்பவர். அவரிடம் சிறந்த மருந்து இருக்கவில்லை. பென்குயின் பறவையினதும் கடல்நாயினதும் புதிய இறைச்சியை உண்ணுமாறு வற்புறுத்தினார். ஒவ்வொருவரையும் நாள்தோறும் எரியும் அடுப்பின்முன் இருத்தி, பக்கத்தில் இருந்து பேசினார். நடக்க வைத்தார். வேலை கொடுத்தார். இறைச்சி உண்ண மாட்டேன் என்று முதலில் மறுத்த கப்பற்றலைவரும் பின்னர் இணங்கினார். நோயாளிகள் தேறினர். பிற்காலத்தில் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் அக்கப்பலிலே ஓர் இளைஞராக இருந்து இதையெல்லாம் பார்த்துக் கற்றவர். துருவத்துக்குப் போகும் வழியை மட்டுமல்ல, அங்கே மனிதன் மனிதனைப் பேணும் முறையையும் அவர் அக்கப்பலிலேதான் கற்றார் எனலாம்.

இனி, தனித்திருப்பதையே விரும்பிச் சென்ற ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்கக் கடற்படையின் தளபதி றிச்சட் பேட் 1934ஆம் ஆண்டு தம் கூட்டத்தாரை விட்டு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தெற்கே, பனிக்குள் புதைத்த ஒரு சிறு மரக்குடிலில் தனியே தங்கினார். மூவர் தங்குவதாகவே முதலில் திட்டம். அதற்குப் போதிய பொருள்களைக் கொண்டுசெல்ல முடியவில்லை. இருவர் தங்கினால் ஒருவரை ஒருவர் வெறுத்துவிடுவர் என்று அஞ்சித் தாம் ஒருவரே போதும் என்று முடிவு செய்தார். வானிலையை அளப்பது வேலை. அமைதியைச் சுவைப்பது உள்ளத்து ஆசை.

முதலில் எல்லாம் இனிதாகவே இருந்தது. மே மாதக் கடைசியில் அவர் மயங்கி விழுந்தார். அடுப்பிலிருந்தும், வானொலிக்கு மின்கொடுக்கும் இயந்திரத்திலிருந்தும் வெளிப்பட்ட காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு குடிலில் நிறைந்திருந்தது. அந்த வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அடுப்பை மூட்டினால் நஞ்சு, மூட்டாவிட்டால் குளிர். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் இவர் முகத்தைப் பார்த்தே நோயை அறிந்திருப்பார். தம் நிலையை வானொலியில் சொன்னால் தோழர் இருளில் புறப்பட்டு உயிரிழப்பர் என்று எண்ணி, தாம் சுகமாக இருப்பதாகவே காட்டிக்கொண்டார். ஆனால் அவர் அனுப்பிய தந்திக் குறிகள் தடுமாறின. நெடுந்தூரத்தில் இருந்த தோழர்கள் அந்தத் தடுமாற்றத்திலிருந்தே உண்மையை ஊகித்தனர். இருமுறை புறப்பட்டு முடியாது திரும்பினர். மூன்றாம் முறை ஆகஸ்டு மாதத்தில் மூவர் வந்து சேர்ந்தனர். இரண்டு மாதம் அந்தச் சிறு குடிலில் நால்வரும் தங்கினர். ஒக்ரோபரிலே பேட் விமானமேறினார்.

இதிலே இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். நோயாற் கிடந்த நாட்களிலும் பேட் வானிலைக் குறிப்பை விடவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்க அவருக்கு இருந்த காரணம் அந்தக் குறிப்பேடுதான். அடுத்தது, தனிமையைத் தேடிச் சென்றவரைக் காத்தது தனிமையன்று. தந்தியின் தாளத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர்களின் அன்பே.

தன்னந்தனியாகச் செயல் செய்தவர் என்று உலகம் போற்றும் இன்னொருவர் உருசிய வைத்தியர் லியோனிட் றொகொசோவ். 1961ஆம் ஆண்டு நொவோலசாரெவ்ஸ்காயா என்ற நிலையத்தில் இருந்த ஒரே வைத்தியர் அவர். வயது 27. ஏப்ரில் மாதக் கடைசியில் அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. வெட்டி எடுக்காவிட்டால் மரணம். வெளியே பனிப்புயல், எந்த விமானமும் வர முடியாது. ஏப்ரில் 30ஆம் தேதி இரவு தம் வயிற்றைத் தாமே கீறிக் குடல்வாலை அகற்றினார். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் சென்றது. இரண்டு கிழமைகளில் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

இக்கதையைக் கேட்போர் அவருடைய துணிவையே வியப்பர். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அறையில் அவர் தனியே இருக்கவில்லை. வானிலை பார்ப்பவர் ஒருவர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். இயந்திரம் பார்ப்பவர் ஒருவர் கண்ணாடியையும் விளக்கையும் பிடித்தார். இருவரில் எவராவது மயங்கி விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப நிலையத் தலைவர் பக்கத்தில் நின்றார். சத்திரசிகிச்சையை முன்பின் பாராத அம்மூவரும் நடுங்காமல் நின்றதும் துணிவே அன்றோ? கத்தி பிடித்தவர் பெயரை உலகம் அறியும். விளக்குப் பிடித்தவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

1999ஆம் ஆண்டு தென்துருவ நிலையத்தின் வைத்தியராக இருந்த ஜெரி நீல்சன் அம்மையார் தம் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். அவருக்கு உதவியவர்களும் மருத்துவம் கல்லாத சக ஊழியரே. யூலை மாதத்து இருளில் விமானமொன்று மேலிருந்து மருந்தைப் போட்டுச் சென்றது. நிலையத்தார் பீப்பாய்களில் நெருப்பு மூட்டி வைத்து அதற்கு இடங்காட்டினர். ஒக்ரோபரில் அவர் மீட்கப்பட்டார். பின்னர் பத்தாண்டு வாழ்ந்தார்.

வொஸ்தொக்கில் 1982 ஏப்ரிலில் மின்னிலையம் எரிந்தது. ஒருவர் இறந்தார். எஞ்சிய இருபது பேரும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அடுப்புச் செய்து, ஒன்றாக ஒடுங்கியிருந்து அந்த மாரியைக் கடந்தனர். இவ்வாறு எந்தக் கதையைப் புரட்டினாலும் பெரிய செயலின் பின்னால் பலருடைய சிறிய செயல்கள் நிற்கின்றன.

இவ்வளவு துன்பத்துக்கும் பயன் என்ன என்று கேட்கலாம். ஒரு பயனைச் சொல்வோம். ஹலி என்ற ஆங்கிலேய நிலையம் 1956இல் தொடங்கப்பட்டது. வானத்தின் மேலடுக்கிலுள்ள ஓசோன் வாயுவின் அளவைச் சூரிய ஒளியின் துணைகொண்டு அங்கே அளந்து எழுதி வந்தார்கள். ஆண்டுகள் சென்றன. ஆட்கள் மாறினர். எண்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியே இருந்தன. இதை ஏன் அளக்கவேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல், வசந்தகாலத்து ஓசோனின் அளவு ஆண்டுக்காண்டு குறையத் தொடங்கியது. 1985இல் பாமன், காடினர், ஷங்க்லின் என்ற மூவர் அதை உலகுக்கு அறிவித்தனர். குளிரூட்டும் பெட்டிகளிலும் தெளிகருவிகளிலும் பயன்பட்ட சில இரசாயனப் பொருள்களே காரணம் என்பது உறுதியாயிற்று. 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் இலங்கை உட்பட உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தென்துருவ வானத்து ஓசோன் பழைய நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணிக்கின்றனர்.

சிந்தித்துப் பாருங்கள். இடையிலே ஒருவர், இன்று குளிர் அதிகம், நேற்றைய எண்ணையே எழுதிவிடுவோம் என்று எண்ணியிருந்தால் என்னவாகும்? மற்றொருவர், எவர் பார்க்கப்போகிறார் என்று விட்டிருந்தால் என்னவாகும்? முப்பதாண்டு ஏடு நம்பத்தகாததாகியிருக்கும். எவரும் பாராத இடத்தில், புகழ் வராத வேலையை, பொய்யின்றிச் செய்தவர்களால் உலகத்துக்கு நன்மை விளைந்தது. பலனைக் கருதாது கடமையைச் செய் என்று கீதை கூறுவதை நாம் மேடையிலே பேசுகிறோம். அதைப் பனிக்கட்டியின் மேல் கொப்பியும் பென்சிலும் கொண்டு செய்து காட்டியவர்கள் அவர்கள்.

பாரத நாட்டவரும் அங்கே தங்கி வருகிறார்கள். 1983ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கிய முதல் நிலையத்துக்கு தட்சிண கங்கோத்ரி என்று பெயரிட்டனர். அது நாளடைவில் பனியில் புதையுண்டது. 1989 முதல் நடைபெறும் நிலையத்துக்கு மைத்ரி என்று பெயர். நட்பு என்பது பொருள். றொகொசோவ் சத்திரசிகிச்சை செய்த உருசிய நிலையம் அதற்குச் சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. மூன்றாவதான பாரதி நிலையத்தில், மங்களா மணி என்ற விண்வெளி ஆராய்ச்சி அம்மையார் தமது ஐம்பத்தாறாம் வயதில் சென்று 403 நாட்கள் பணிபுரிந்தார். இருபத்து மூவர் அடங்கிய அக்குழுவில் அவர் ஒருவரே பெண். வயதையும் பெண்மையையும் காரணங் காட்டி வீட்டில் இருத்துவோர் இதை எண்ணிப் பார்ப்பாராக.

அன்பர்களே, துருவத்தில் இருப்போரைக் குறையற்ற மனிதர் என்று நாம் கூறவில்லை. அங்கே சண்டை உண்டு, மனச்சோர்வு உண்டு, மறதி உண்டு. உடலையும் மனத்தையும் சோதித்தே அனுப்புகிறார்கள். அப்படியிருந்தும் சிலர் தளர்ந்துவிடுகிறார்கள். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இரவை மனிதர் கடந்து வருவதற்குக் காரணம் இரண்டு. ஒவ்வொரு நாளும் தவறாத சிறிய கடமை ஒன்று. பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கும் கண் மற்றொன்று. தவம் என்பதற்கு இவ்விரண்டையும் கூட்டியே நாம் பொருள்கொள்ளல் வேண்டும். மலைக்குகையில் இருக்கும் துறவிக்கும் குரு உண்டு. அவருக்குப் பிச்சையிடும் ஊரும் உண்டு. எவர் துணையுமின்றி உயர்ந்தவர் எவருமிலர்.

எமது சங்கத்தைப் பார்ப்போம். விழாவன்று மண்டபம் நிறைகிறது. மேடையேறிப் பேச எம்மைப் போன்றோர் முன்வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர்க்குப் பாடஞ் சொல்ல எத்தனை பேர் வருகிறோம்? வாசிகசாலைப் பதிவேட்டை நாள்தோறும் எழுதுபவர் யார்? விழா முடிந்தபின் கதிரைகளை அடுக்கி வைப்பவர் யார்? சில மாதங்களாகக் கூட்டத்துக்கு வராத ஓர் அங்கத்தவரின் வீட்டுக்குப் போய், தம்பி, சுகமா என்று கேட்டவர் யார்? பேட் என்பவரின் தந்தி தடுமாறியதை 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தோர் உணர்ந்தனர். எமது ஒழுங்கையிலே ஒரு வாலிபன் மனமுடைந்து தனித்துக் கிடப்பதை நாம் உணராதிருப்பது தகுமா? ஆறு மாத இரவு தென்துருவத்தில் மட்டும் இல்லை. சில வீடுகளிலும் உண்டு.

சைவ உலகம் அப்பர் சுவாமிகளை வணங்குகிறது. அவருடைய திருக்கையில் நாம் காண்பது வாளுமன்று, செங்கோலுமன்று. கோயில் வீதியில் புல்லைச் செதுக்கும் உழவாரமே. பெரும்புலவர் அவர், முதியவர் அவர். ஆயினும் அந்தச் சிறு பணியை அவர் விடவில்லை. அவர் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க மண்டபத்தின் பின்புறக் கிணற்றடியிலிருந்து தொடங்குவோம். பெரியோர்கள் வந்து நின்று வழிகாட்டினாற் போதும். தும்புத்தடியை நாம் பிடிக்கிறோம். முறைப்பட்டியலில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். எவர் பெயரும் விடுபட வேண்டாம், எவர் பெயரும் எப்பொழுதும் ஒரே வேலைக்கு எதிரே இருக்கவும் வேண்டாம்.